அலர்ஜி டெஸ்ட் ‘நெகட்டிவ்’, ஆனால் மூக்கு ஒழுகுகிறது: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

கையில் ஒரு ரிப்போர்ட். தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை, கரப்பான், பூனை, நாய் என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் நேரே ‘நெகட்டிவ்’. இன்னொரு கையில் நனைந்துபோன கைக்குட்டை. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு, தண்ணீராக ஒழுக்கு, இரவானால் அடைப்பு. ‘உங்களுக்கு அலர்ஜி இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் இது என்ன?

மூன்று விடைகள் சாத்தியம். அலர்ஜி இருக்கிறது, சோதனைதான் அதைத் தவறவிட்டது என்பது ஒன்று. அலர்ஜி மூக்குக்குள் மட்டும் இருக்கிறது, அதனால் தோலும் ரத்தமும் அதைக் காட்டவில்லை என்பது இரண்டாவது. உண்மையிலேயே அலர்ஜி இல்லை, மூக்கு வேறு எதற்கோ கோபித்துக்கொள்கிறது என்பது மூன்றாவது. சிலருக்கு அலர்ஜியும் அலர்ஜியல்லாத காரணமும் கலந்தே இருக்கும். இவற்றில் உங்களுடையது எது என்று பிரித்தறிய ஒரு வரிசை இருக்கிறது. பலர் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்: நெகட்டிவ் வந்ததும் இன்னும் பெரிய, இன்னும் விலைகூடிய டெஸ்ட் ஒன்றைத் தேடி ஓடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் ரிப்போர்ட்டை.

படி 1: அந்த டெஸ்ட் எதை அளந்தது?

அலர்ஜிக்கு அடிப்படை ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம். அது மாஸ்ட் செல் என்னும் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தனக்குரிய பொருள், அதாவது ஒவ்வாமைப் பொருள், வந்து தொட்டதும் அந்தச் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். அரிப்பு, தும்மல், ஒழுக்கு எல்லாம் அதன் வேலை.

தோலில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட் கேட்பது, ‘தோலில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் இந்த ஐஜிஇ இருக்கிறதா?’ என்று. ரத்தப் பரிசோதனை கேட்பது, ‘ரத்தத்தில் மிதக்கும் ஐஜிஇ அளக்கும் அளவுக்கு இருக்கிறதா?’ என்று. இரண்டுமே மூக்கை நேரடியாகக் கேட்பதில்லை. தோலும் ரத்தமும் சொல்வதையே மூக்கும் சொல்லும் என்ற அனுமானம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது, எப்போதும் அல்ல.

படி 2: டெஸ்ட் ஒழுங்காக நடந்ததா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் கணக்கில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுதான்.

ஸ்கின் பிரிக் டெஸ்டில் ஒவ்வாமைப் பொருள்களோடு இன்னும் இரண்டு சொட்டுகள் வைப்பார்கள். ஒன்று வெறும் உப்புநீர். அது தடிக்கக் கூடாது. மற்றது ஹிஸ்டமின், அது யாருக்கும் தடிக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம் கழித்து, உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் ஹிஸ்டமினுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது? அதுவும் தடிக்கவில்லை என்றால் மற்ற ‘நெகட்டிவ்’ எதற்கும் பொருளே இல்லை. அன்று உங்கள் தோல் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த வரியே ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

தோலைத் தூங்க வைப்பது பெரும்பாலும் மருந்து. செட்டிரிசின், லிவோசெட்டிரிசின், லொரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகை மருந்துகள் சளி, இருமலுக்கான கூட்டு மாத்திரைகளிலும் சிரப்புகளிலும் ஒளிந்திருக்கும். ‘நான் அலர்ஜி மாத்திரை எதுவும் போடவில்லை’ என்று மனதார நம்பிச் சொல்பவர் முந்தாநாள் ஜலதோஷ மாத்திரை போட்டிருப்பார். அமிட்ரிப்டிலின், டோக்செபின் போன்ற மனநல மருந்துகளும் தோலின் எதிர்வினையை அடக்கும். ஆனால் இவற்றை எழுதித் தந்த டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவே கூடாது. சோதனை செய்த இடத்தில் பல நாள் தடவிய ஸ்டீராய்டு களிம்பும் முடிவைக் குலைக்கும். ஐஜிஇயை முடக்கும் ஒமலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அதன் தாக்கம் மாதக்கணக்கில் நிற்கும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே மட்டும் தோல் சோதனையைக் கெடுக்காது. இன்னொன்று: இந்த மாத்திரைத் தொல்லை ரத்தப் பரிசோதனைக்கு இல்லை. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு அதுவே வழி.

அடுத்து பேனல், அதாவது டெஸ்டில் வைத்த பொருள்களின் பட்டியல். டெஸ்டில் வைக்காத பொருளுக்கு டெஸ்ட் பதில் சொல்லாது. ‘எல்லாம் நெகட்டிவ்’ என்றால் ‘கேட்ட பத்துப் பதினைந்துக்கும் நெகட்டிவ்’ என்றுதான் அர்த்தம். தூசிப்பூச்சியிலேயே பல இனங்கள் உண்டு. மிதமான தட்பவெப்பத்துக்காகத் தயாரித்த பேனலில் டெர்மடோஃபகாய்டஸ் இனங்கள் இரண்டு இருக்கும். வெப்பமண்டல வீடுகளில் முக்கியமான ப்ளோமியா டிராபிகாலிஸ் இல்லாமல் போகலாம். உங்கள் ஊர்க் களைகளின் மகரந்தம், நீங்கள் வளர்க்கும் முயல், வேலையிடத்து மாவுத்தூள், மரத்தூள், ஆய்வுக்கூட எலி இவையெல்லாம் சாதாரணப் பேனலில் கிடைக்காது. பூஞ்சைகளின் சாறு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தோல் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஒன்றை மட்டும் செய்திருந்தால், சந்தேகம் வலுவாக உள்ள பொருள்களுக்கு மற்றதையும் செய்து பார்ப்பது நியாயம். ரத்த ரிப்போர்ட்டில், ஒரு பொருளுக்கான ஐஜிஇ அளவில், 0.35 என்பது பழைய எல்லைக்கோடு. இப்போதைய கருவிகள் 0.1 வரை அளக்கும். இடையில் உள்ள எண்ணைக் கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எதைச் செய்யத் தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்த ஐஜிஇ அளவு இந்தக் கேள்விக்கு உதவாது: குடல்புழு இருந்தாலும் அது ஏறும், அலர்ஜி இருந்தும் சாதாரணமாக இருக்கும். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி பார்த்துத் தரும் பட்டியல் அதைவிட மோசம். ஐஜிஜி என்பது வேறொரு எதிர்ப்புப் புரதம், நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம்; அலர்ஜிக்கு அல்ல.

படி 3: இரண்டு மூன்று வாரம் ஒரு குறிப்பேடு

டெஸ்ட் சரியாகத்தான் நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, அடுத்த ஆதாரம் உங்கள் கதை. ‘எப்பவும் இப்படித்தான் டாக்டர்’ என்பது கதை இல்லை. தினமும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது, தும்மல் அரிப்பு ஒழுக்கு அடைப்பு இவற்றில் எது, என்ன மருந்து போட்டீர்கள். பருவத்துக்குப் பருவம் மாறும் தொல்லையாக இருந்தால் மூன்று வாரம் போதாது, மாதவாரியாகவும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இதில் தேட வேண்டிய முதல் அடையாளம் அரிப்பு. மூக்கு, கண், அண்ணம், காதின் உள்பக்கம் அரித்து, கண்ணும் சிவந்து நீர் கோத்தால் அலர்ஜியின் சாயல் பலமாக இருக்கிறது. அரிப்பே இல்லாமல் அடைப்பும் தொண்டைக்குள் சளி இறங்குவதும் மட்டும் இருந்தால் அந்தச் சாயல் குறைகிறது. தொடங்கிய வயதும் பேசும். சின்ன வயதிலோ இருபதுக்குள்ளோ ஆரம்பித்து, குடும்பத்தில் ஆஸ்துமாவோ எக்ஸிமாவோ உள்ளவர் ஒரு பக்கம். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்து, பூனையோ மகரந்தமோ ஒன்றும் செய்யாமல், வாசனைத் திரவியமும் பெயின்ட் நெடியும் புகையும் குளிர்காற்றும் மட்டும் தூண்டுபவர் மறுபக்கம். இரண்டாமவருக்கு அலர்ஜி இல்லை என்று நெகட்டிவ் ரிப்போர்ட் சொன்னால் நான் அதை நம்புவேன்.

முதலாமவர் கதையில்தான் ரிப்போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். படுக்கையை உதறினால், துணி அலமாரியைத் திறந்தால் தொல்லையா? தூசிப்பூச்சி. ஆண்டுதோறும் அதே சில வாரங்களா? மகரந்தம். ஈரம் கோத்த அறையிலா? பூஞ்சை. விடுமுறையில் வெளியூர் போனால் நின்றுவிடுகிறதா? வீட்டிலோ வேலையிடத்திலோ ஏதோ இருக்கிறது. வேலையிட ஒவ்வாமையில் ஒரு சூது உண்டு: சிலருக்கு எதிர்வினை பல மணி நேரம் தாமதித்து, வீடு திரும்பிய பிறகு மாலையில் வரும். அதனால் வீட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. காலைத் தும்மலை மட்டும் வைத்துத் தூசிப்பூச்சி என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். போர்வைக்குள்ளிருந்து குளிர்ந்த தரைக்குக் கால் மாறும்போது, அலர்ஜியே இல்லாத, எளிதில் துள்ளும் மூக்கும் தும்மும்.

படி 4: மூக்குக்குள் ஒருவர் பார்க்கட்டும்

காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள்தான். நடுச்சுவர் வளைந்திருக்கிறதா, பாலிப் என்ற சதை வளர்ச்சி உண்டா, சைனஸிலிருந்து சீழ் வடிகிறதா, குழந்தை என்றால் மூக்கின் பின்பக்கத்து அடினாய்டு சதை பெருத்திருக்கிறதா என்பதெல்லாம் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் அடைப்பும் கெட்டிச் சளியும் முகத்தில் கனமும் வாசனை தெரியாமையும் இருந்தால், அது நாள்பட்ட சைனஸ் அழற்சியா என்று பார்த்தாக வேண்டும்.

கீழ்க்கண்டவை இருந்தால் அலர்ஜி ஆராய்ச்சியை ஓரம் வைத்துவிட்டு உடனே காட்டுங்கள்: எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் கலந்த ஒழுக்கு, கன்னம் வீங்குவது அல்லது மரத்துப்போவது, பார்வை இரட்டையாவது, மூக்கில் தொடர்ந்து பொருக்கு கட்டுவது. குழந்தைக்கு ஒரே நாசியில் நாற்றமடிக்கும் சளி என்றால், உள்ளே மணியோ பட்டாணியோ மாட்டியிருக்கக்கூடும். குனிந்தால் ஒரு பக்கம் மட்டும் தெளிந்த நீர் சொட்டி, வாயில் உப்புக் கரித்தால், குறிப்பாகத் தலையில் அடிபட்ட பிறகோ சைனஸ் அறுவைக்குப் பிறகோ என்றால், அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். அந்த நீரைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பார்த்தால் தெரிந்துவிடும். அபூர்வம்தான், ஆனால் ‘அலர்ஜி’ என்ற பெயரில் மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக் காலம் கடத்தக் கூடாத ஒன்று.

படி 5: அலர்ஜியல்லாத காரணங்களைக் கழித்துக்கொண்டே வாருங்கள்

முதலில் மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். ஆக்ஸிமெட்டஸோலின், சைலோமெட்டஸோலின் சொட்டு மருந்து மூக்கை நொடியில் திறக்கும். சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைக்கும். அடைத்ததால் சொட்டு, சொட்டால் அடைப்பு என்று வருடக்கணக்கில் சுழல்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் கேட்கும் மருந்துப் பட்டியலில் இதைச் சொல்லவும் மாட்டார்கள், ‘சொட்டுதானே’ என்று. ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில், கருத்தடை மாத்திரை இவையும் மூக்கை அடைக்கலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் மூக்கடைப்பும் மூச்சிரைப்பும் வந்தால், கூடவே ஆஸ்துமாவும் பாலிப்பும் இருந்தால், அது தனி நோய். வீட்டில் இன்னொரு மாத்திரை போட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கர்ப்பகாலத்தில் வரும் அடைப்பு பிரசவமான இரண்டு வாரத்துக்குள் போய்விடும். தைராய்டு குறைவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. காரமாகவோ சூடாகவோ சாப்பிடும்போது மட்டும் ஒழுகினால் அது நரம்பு வேலை. இப்ரட்ரோபியம் ஸ்ப்ரேயைச் சாப்பாட்டுக்கு முன் அடித்தால் நிற்கும். மேலே சொன்ன நெடி, புகை, குளிர் கதைக்காரருக்கு வாசோமோட்டார் மூக்கழற்சி என்று பெயர் வைப்பார்கள்.

இங்கே குழப்பம் தருவது, ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் மூக்கில் குவியும் வகை. அடுக்குத் தும்மல், நீர் ஒழுக்கு, அரிப்பு என்று அச்சு அசல் அலர்ஜி போலவே இருக்கும். டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். மூக்குச் சளியை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஈசினோஃபில் செல்கள் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வாசனை உணர்வு மங்கியிருந்தால் இதை நினைக்க வேண்டும். பின்னாளில் பாலிப் வரும் வாய்ப்பும் உண்டு. ஆனால் அலர்ஜி மூக்கிலும் ஈசினோஃபில் ஏறும் என்பதால் இந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. அழற்சி இருக்கிறது, ஸ்டீராய்டு ஸ்ப்ரே கேட்கும் என்று மட்டும் சொல்லும். அதுவே பயன்தான்.

படி 6: மூக்கையே கேட்பது

டெஸ்ட் சரி, கதை அலர்ஜிக்காரக் கதை, மூக்குக்குள் வேறு கோளாறு இல்லை, மருந்தும் காரணமில்லை. இந்த நான்கும் சேர்ந்தால்தான் மூக்குக்குள் மட்டும் உள்ள அலர்ஜியை நினைக்க வேண்டும்.

யோசனை புதிதல்ல. தோல் சோதனை நெகட்டிவ் ஆனவர்களின் மூக்கில் ஐஜிஇ உருவாவதை ஹக்கின்ஸ், பிராஸ்டாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1975-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு ஸ்பெயினின் மலாகா நகரக் குழு இதைப் பிடித்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தது. அவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கழற்சி உள்ளவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்த வகை. இந்த விகிதத்தை அப்படியே உங்கள் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசியாவில் நடந்த பல ஆய்வுகளில் எண்ணிக்கை இதைவிடக் குறைவு.

உறுதிப்படுத்தும் சோதனைக்கு மூக்குத் தூண்டல் சோதனை என்று பெயர். சந்தேகப்படும் பொருளின் சாற்றை மூக்கிலேயே தெளித்து என்ன ஆகிறது என்று பார்ப்பது. முதலில் வெறும் உப்புநீர். அதற்கே மூக்கு தும்மி ஒழுகினால் அது எதற்கும் துள்ளும் மூக்கு. அன்று மேற்கொண்டு செய்து பயனில்லை. உப்புநீருக்கு அமைதியாக இருந்தால் ஒவ்வாமைப் பொருள். பிறகு குறித்த இடைவெளிகளில் தும்மல், அரிப்பு, ஒழுக்கு, அடைப்புக்கு மதிப்பெண் போடுவார்கள். மூக்கு வழியே காற்று எவ்வளவு போகிறது என்றும் கருவியில் அளப்பார்கள். வேகமாக மூச்சை உள்ளிழுக்கும்போது போகும் காற்று 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் தெளிவான பாசிட்டிவ். ஐரோப்பிய அலர்ஜி அமைப்பான ஈஏஏசிஐ 2018-இல் இதற்கான முறைகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. முதல் சுற்றில் பல பொருள்களை ஒரே நாளில் வரிசையாக வைத்துப் பார்த்து, எல்லாம் நெகட்டிவ் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளும் சுருக்கவழியும் உண்டு.

போவதற்கு முன் சளி, காய்ச்சல் தீர்ந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். மாத்திரை, ஸ்ப்ரே எல்லாவற்றையும் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள். தோல் சோதனையைப் போலன்றி இங்கே மூக்கு ஸ்ப்ரேயும் முடிவைக் கெடுக்கும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்வதில்லை. பூனையை மடியில் வைத்து முகர்ந்து பார்ப்பது, தலையணையைத் தட்டி முகத்தில் வாங்கிக்கொள்வது போன்ற வீட்டு வைத்தியப் பதிப்புகள் வேண்டாம்.

மூக்கு நீரில் ஐஜிஇ அளக்கும் முறையும் இருக்கிறது. பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். ஆனால் தூண்டல் சோதனையில் பாசிட்டிவ் ஆன பலருக்கே இதில் ஒன்றும் வருவதில்லை, ஆகவே இங்கேயும் நெகட்டிவ் முடிவு எதையும் மூடிவிடாது. ரத்தத்தின் பேசோஃபில் என்ற வெள்ளையணுக்களைத் தூண்டிப் பார்க்கும் சோதனைக்குப் புதிய ரத்தமும் விசேஷ ஆய்வுக்கூடமும் வேண்டும். பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களோடு சரி.

படி 7: அந்த வசதி கிட்டாதபோது

தூண்டல் சோதனை செய்யும் மையங்கள் எங்குமே குறைவு. அதனால் பெரும்பாலானவர்களின் பாதை இதுதான்: ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை டாக்டர் சொன்ன அளவில் இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் அடித்துப் பார்ப்பது. ‘அடித்தேன், கேட்கவில்லை’ என்பவர்களில் நிறையப் பேர் நான்கு நாளில் விட்டவர்கள், அல்லது ஸ்ப்ரேயை நடுச்சுவரைப் பார்த்து அடித்தவர்கள். வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. முனை அதே பக்கக் காதை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். உறிஞ்சி இழுக்க வேண்டாம்.

குணம் தெரிந்தால் நல்லது, ஆனால் அதை அலர்ஜிக்கு நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈசினோஃபில் வகையும் அதே ஸ்ப்ரேக்குக் கேட்கும். ஹிஸ்டமினைத் தடுக்கும் அஸெலாஸ்டின் ஸ்ப்ரே அலர்ஜிக்கும் கேட்கும், வாசோமோட்டாருக்கும் கேட்கும். தூசிப்பூச்சிதான் என்று குறிப்பேடு சொன்னால், படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் வாராவாரம் துவைத்து, மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி ஊடுருவாத உறை போட்டு, அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கிச் சில மாதம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மருந்தை முதலில் நிலைநிறுத்திவிட்டு, பிறகு வீட்டில் கை வையுங்கள்.

இம்யூனோதெரபிக்கு மட்டும் இந்த ‘பார்ப்போமே’ ஆகாது. ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்க, பல ஆண்டுகள் தொடரும் சிகிச்சை அது. மூக்குக்குள் மட்டும் அலர்ஜி உள்ளவர்களுக்குத் தூசிப்பூச்சி, புல் மகரந்தம், பிர்ச் மர மகரந்தம் ஆகியவற்றில் நடந்த சிறு ஆய்வுகள் பலன் காட்டியிருக்கின்றன. ஆனால் அவை தூண்டல் சோதனையில் பொருளை உறுதிசெய்த பிறகு நடந்தவை. எந்தப் பொருள் என்று நிரூபிக்காமல் ஊசி போடச் சொன்னால் ‘எதை வைத்து முடிவு செய்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

மறுபடி எப்போது சோதிப்பது?

மூக்கில் மட்டும் உள்ள அலர்ஜி நாளடைவில் உடம்பு முழுக்கப் பரவிய அலர்ஜியாக மாறிவிடுமா என்பது பலரின் பயம். மலாகா குழு பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், அப்படி மாறியவர்களின் விகிதம் நோயில்லாதவர்களின் விகிதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் அதே காலத்தில் தொல்லை கடுமையானவர்களும் ஆஸ்துமா சேர்ந்தவர்களும் கூடினார்கள். ஆகவே மூச்சிரைப்போ, இரவு இருமலோ, நெஞ்சில் விசில் சத்தமோ புதிதாக வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நுரையீரல் சோதனையைக் கேளுங்கள். குழந்தைகளின் கதை வேறு: மூன்று நான்கு வயதில் நெகட்டிவ் ஆன தோல் சோதனை, தொல்லை தொடர்ந்தால், ஓரிரு ஆண்டு கழித்துப் பாசிட்டிவ் ஆவது சகஜம். அவர்களுக்குத் திரும்பச் செய்வது வீண் செலவல்ல. பெரியவர்களுக்கு, தொல்லையின் போக்கு மாறினாலோ வீடு, வேலை, வளர்ப்புப் பிராணி மாறினாலோ மறுசோதனை. மற்றபடி ஆண்டுதோறும் அதே பேனலைத் திரும்பச் செய்யத் தேவையில்லை.